தம்மாமிலிருந்து தக்கலைக்கு: பயண பாயின்ட்டுகளை வீணாக்காமல் பயன்படுத்த ஒரு வழிகாட்டி

என் அண்ணன் சவுதி அரேபியாவின் தம்மாமில் வேலைக்குப் போய் 11 ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கொரு முறை லீவில் வருவார். அப்பாவின் அறுவை சிகிச்சைக்கு ஒரு முறை, தங்கையின் கல்யாணத்துக்கு ஒரு முறை கூடுதலாகவும் வந்து போனார். போகவர எல்லாம் சேர்த்தால் 25 விமானப் பயணங்களுக்குக் குறையாது. எல்லா டிக்கெட்டையும் ஊரிலுள்ள ஒரே டிராவல்ஸ் மூலம்தான் எடுத்தோம். விமான நிறுவனத்தில் உறுப்பினராகி, அந்த எண்ணை டிக்கெட்டில் சேர்த்தால் பயணத்துக்குப் பாயின்ட் சேரும், பிறகு அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். அண்ணனின் டிக்கெட் ஒன்றில்கூட அவருடைய உறுப்பினர் எண் ஏறியிருக்கவில்லை. காரணம், அப்படி ஒரு எண்ணே அவருக்குக் கிடையாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை, அவருடைய பழைய டிக்கெட்டுகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் பெயரில் புதிதாகக் கணக்கு தொடங்கி, கடைசி இரண்டு பயணங்களுக்காவது பாயின்ட் கேட்டுப் பார்க்கலாம் என்று விண்ணப்பித்தோம். ஒன்றைப் பழையது என்று மறுத்துவிட்டார்கள். இன்னொன்றை, கணக்கிலுள்ள பெயரும் டிக்கெட்டிலுள்ள பெயரும் வேறு என்று மறுத்துவிட்டார்கள். வேறுபாடு ஒரே ஓர் எழுத்து: அப்பா பெயரின் முதல் எழுத்து.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தின் டிக்கெட் வேலை முழுவதையும் நானே பார்க்கிறேன். நம் குமரி மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். செவிலியர்கள், கட்டுமானத் தொழிலாளர்கள், குளச்சல் தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் என்று எத்தனையோ பேர் போகிறார்கள், வருகிறார்கள். நாம் செய்யும் பயணமே ஏராளம். பாயின்ட்டுக்காக ஒரு ரூபாயும் புதிதாகச் செலவழிக்க வேண்டாம். ஏற்கெனவே செலவழிக்கும் பணத்துக்கு வரவேண்டியதை வாங்கினாலே போதும். முதன்முறையாகத் தொடங்குகிறவர்கள் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் பெயர்

விமான நிறுவனத்தில் உறுப்பினராவதற்குக் கட்டணம் இல்லை. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில்தான் நம்மவர்கள் தவறு செய்கிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பாவின் பெயர் கடைசிப் பெயராக இருக்கும், சிலருக்கு அந்த இடம் காலியாக இருக்கும், சிலருக்கு இனிஷியல் விரிந்து முழுப் பெயராகியிருக்கும். ஆதாரில் இருப்பதையோ வழக்கமாகப் போடும் கையெழுத்தையோ பார்த்து நிரப்பாதீர்கள். பாஸ்போர்ட்டையும் கடைசியாகப் பயணம் செய்த டிக்கெட்டையும் எதிரில் வைத்துக்கொண்டு, டிக்கெட்டில் அச்சானபடியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவர்களுக்குச் சில டிக்கெட்டுகளில் அதே பெயர் இரண்டு முறை வரும். அப்படி வந்தால் கணக்கிலும் அப்படியே இருக்கட்டும்.

மின்னஞ்சல் முகவரி சொந்தமானதாக இருக்க வேண்டும். டிராவல்ஸ்காரரின் முகவரியைக் கொடுத்துவிட்டால் பாஸ்வேர்டு மறந்த அன்று உங்கள் கணக்கு உங்கள் கையில் இருக்காது.

எந்தத் திட்டத்தில் சேர்வது

எல்லாவற்றிலும் சேர்ந்தால் எதிலும் பயன்படும் அளவுக்குச் சேராது. நீங்கள் வழக்கமாகப் போகும் வழியைப் பார்த்து ஒன்று அல்லது இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

துபாய்ப் பக்கம் போகிறவர்களுக்கு எமிரேட்ஸின் ஸ்கைவர்ட்ஸ். ஃப்ளைதுபாயில் பறந்தாலும் அதே கணக்கில் மைல் சேரும். விமானத் திட்டங்களில் பாயின்ட்டுக்கு மைல் என்றும் பெயர் உண்டு. தோஹா வழியாகப் போகிறவர்களுக்குக் கத்தார் ஏர்வேஸின் திட்டம். அங்கே பாயின்ட்டுக்குப் பெயர் அவியோஸ். கத்தார் ஏர்வேஸ் ஒன்வேர்ல்டு என்ற கூட்டணியில் இருக்கிறது. ஸ்ரீலங்கன் 2014இலும் ஓமன் ஏர் 2025 ஜூன் இறுதியிலும் அதே கூட்டணியில் சேர்ந்தன. ஆகவே, மஸ்கட்டுக்கு ஓமன் ஏரில் போகிறவர் அந்தப் பயணத்தைக் கத்தார் கணக்கில் வரவு வைக்கலாம். ஒரு பயணத்துக்கு ஒரு கணக்கில்தான் வரவு கிடைக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு இப்போது மகாராஜா கிளப் என்று பெயர். ஏர் இந்தியா 2014 முதல் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருக்கிறது. பெயர் ஒத்திருப்பதால் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸையும் அந்தக் கூட்டணியில் சேர்த்து நினைக்க வேண்டாம். அது கூட்டணிக்கு வெளியே உள்ளது. நம் ஆட்கள் அதிகம் ஏறும் விமானம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

காலாவதி விதியை முதல் நாளே படித்துவிடுங்கள். ஸ்கைவர்ட்ஸ் மைல்கள் மூன்று ஆண்டுகள் கழித்து, நீங்கள் பிறந்த மாதத்தின் முடிவில் காலாவதியாகும். அவியோஸ் அப்படியல்ல, 36 மாதங்கள் கணக்கில் வரவும் செலவும் எதுவும் இல்லாவிட்டால்தான் போகும். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் ஊர் வருகிறவருக்கு இது பெரிய வேறுபாடு. அம்மாவும் அப்பாவும் பேரப்பிள்ளையைப் பார்க்க அங்கே போய் வந்திருந்தால், குடும்பக் கணக்கு என்ற வசதியைத் தேடிப் பாருங்கள். தனித்தனியாகக் கிடந்து அழியும் மைல்களை அதில் ஒன்றாகத் திரட்டலாம்.

டிக்கெட் எடுக்கும்போது

டிராவல்ஸில் எடுத்தாலும் உறுப்பினர் எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் இதில் வராது" என்று சிலர் சொல்வார்கள். வரும். கம்பெனி எடுத்துத் தரும் டிக்கெட்டுக்கும் பொதுவாகப் பயணிக்குத்தான் மைல் கிடைக்கும். கிடைக்காத டிக்கெட்டுகளும் உண்டு: குழுவாக வாங்கி விற்கும் டிக்கெட்டுகளும் சில மிகக் குறைந்த கட்டண வகைகளும். எதற்கும் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். டிக்கெட் வந்ததும் நீங்களே விமான நிறுவனத்தின் தளத்தில் புக்கிங் எண்ணைப் போட்டு, உங்கள் எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் அங்கேயே சேர்க்கலாம்.

போர்டிங் பாஸை மைல் வரவாகும்வரை தூர எறியாதீர்கள். செல்போனில் படமெடுத்துத் தனியாக வையுங்கள். விட்டுப்போன மைலைக் கேட்பதற்குப் பல திட்டங்களில் ஆறு மாதம்தான் அவகாசம். என் அண்ணனின் முதல் விண்ணப்பம் அங்கேதான் தோற்றது.

கிரெடிட் கார்டு: யாருக்கு, யாருக்கு இல்லை

இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப்போகிறேன். பில்லை மாதாமாதம் முழுதாகக் கட்ட முடியாதவர்களுக்குப் பாயின்ட் கார்டு வேண்டாம். நகைக் கடன் நிலுவையில் இருந்தாலும் வேண்டாம். முதலில் நகை வீட்டுக்கு வரட்டும். கட்டாமல் விட்ட தொகைக்கு மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி வட்டி போடுகிறார்கள். ஆண்டுக்கு 40 சதவீதத்துக்கு மேல். 10,000 ரூபாயை ஒரு மாதம் நிலுவை வைத்தால் ஏறத்தாழ 350 ரூபாய் வட்டி. அந்த 10,000 ரூபாய் செலவுக்குச் சாதாரண கார்டில் கிடைக்கும் பாயின்ட்டின் மதிப்பு நூறு ரூபாயை ஒட்டித்தான் இருக்கும். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் அபராதம் இருக்காது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும்.

முழுதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு யோசனை. விமானத்தில் அதிகம் போகாமல், சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயிலில் போய்வரும் குடும்பமா? ஐஆர்சிடிசியும் எஸ்பிஐயும் சேர்ந்து வழங்கும் கார்டைப் பாருங்கள். அதில் ஒரு பாயின்ட் ஒரு ரூபாய். கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டியதில்லை. தொடங்குகிறவருக்கு இந்தத் தெளிவு ஆயிரம் சலுகைகளைவிட மேலானது. ஆண்டுக் கட்டணத்தைக் கழித்த பிறகும் மிச்சம் வருகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

வெளிநாட்டில் இந்திய கார்டைத் தேய்க்கும் முன் ஒரு விஷயம். பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக, 4 சதவீதத்துக்கு மேல் போகிறது. சாதாரண கார்டின் பாயின்ட் இதை ஈடுகட்டாது. கடைக்காரர் "ரூபாயில் போடவா, திர்ஹத்தில் போடவா" என்று கேட்டால் அந்நாட்டு நாணயத்திலேயே போடச் சொல்லுங்கள். ரூபாய்க்கு மாற்றித் தருவதாகச் சொல்லும் விகிதம் பெரும்பாலும் வங்கி விகிதத்தைவிட மோசமாக இருக்கும்.

ஒரு பாயின்ட்டின் விலை என்ன

இந்த ஒரு கணக்கு தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. அதனால் பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

பாயின்ட்டில் டிக்கெட் எடுத்தாலும் வரியும் விமான நிலையக் கட்டணமும் பணமாகக் கட்ட வேண்டும். "இலவச டிக்கெட்" என்ற சொல்லை நம்பிப் போனவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஆகவே, அதே டிக்கெட்டின் ரொக்க விலையிலிருந்து, பாயின்ட் டிக்கெட்டுக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கழியுங்கள். மீதியைத் தேவைப்படும் பாயின்ட்டால் வகுங்கள். வருவதுதான் ஒரு பாயின்ட்டின் விலை.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. திருவனந்தபுரத்துக்கு வரும் டிக்கெட்டின் ரொக்க விலை 14,000 ரூபாய். பாயின்ட்டில் எடுத்தால் 12,000 பாயின்ட்டும் 5,000 ரூபாயும். 14,000இல் 5,000 போக 9,000. அதை 12,000ஆல் வகுத்தால் 75 பைசா. அதே டிக்கெட் கூட்டமில்லாத பிப்ரவரியில் 9,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது, பாயின்ட் தேவை மட்டும் மாறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,000ஐ 12,000ஆல் வகுத்தால் 33 பைசா. அப்போது பணம் கொடுத்துப் பறந்துவிட்டு, பாயின்ட்டை வைத்துக்கொள்ள வேண்டும். பணம் கொடுத்த பயணத்துக்குப் புதிய மைலும் சேரும்.

இதே கணக்கை வங்கி அனுப்பும் பரிசுப் பட்டியலிலும் போட்டுப் பாருங்கள். 2,500 ரூபாய் மிக்சிக்கு 10,000 பாயின்ட் கேட்டால் ஒன்றுக்கு 25 பைசா. அதே மிக்சி நாகர்கோவில் கடையில் 2,000 ரூபாய்க்குக் கிடைத்தால் 20 பைசாதான். பாயின்ட்டை மாற்றுவதற்கென்று 99 ரூபாயும் வரியும் வாங்கும் வங்கிகள் உண்டு. அதையும் கழிக்க வேண்டும். என் மைனி ஆசையாக வாங்கிய ஒரு சுவர்க் கடிகாரத்துக்கு அப்படிக் கணக்குப் பார்த்தபோது, அந்தப் பாயின்ட்டில் அவர் மகளின் சென்னை டிக்கெட்டையே எடுத்திருக்கலாம் என்று தெரிந்தது. வருத்தப்பட்டார். அதற்குப் பின் என்னைக் கேட்காமல் எதையும் மாற்றுவதில்லை.

நம் ஊருக்கு விலை ஏறும் காலங்கள் தெரிந்தவைதான்: ஓணம், கிறிஸ்துமஸ், வளைகுடாப் பள்ளிகளின் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை. பாயின்ட்டின் மதிப்பு உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஆனால் ஒரு விமானத்தில் குறைந்த பாயின்ட்டுக்கு ஒதுக்கும் இருக்கைகள் சிலதான். பெரிய விமான நிறுவனங்கள் ஏறத்தாழ 11 மாதங்களுக்கு முன்பே இருக்கைகளைத் திறந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு வர நினைக்கிறவர் பிப்ரவரி, மார்ச்சிலேயே தேட வேண்டும். லீவு உறுதியாகவில்லை என்றால், ரத்து செய்தால் பாயின்ட் திரும்பி வருமா, எவ்வளவு பிடிப்பார்கள் என்று முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

வங்கிப் பாயின்ட்டை விமான மைலாக மாற்றுவதற்கு ஒரே விதி: இருக்கையைக் கண்ணால் பார்த்த பிறகே மாற்ற வேண்டும். மாற்றியதைத் திரும்ப வாங்க முடியாது. சில நேரம் வந்து சேர நாட்களும் ஆகும். சேமித்துச் சேமித்து ஐந்தாறு ஆண்டு வைத்திருக்கவும் வேண்டாம். பாயின்ட்டுக்கு வட்டி கிடையாது. நிறுவனம் நினைத்தால் ஒரே நாளில் அதன் மதிப்பைக் குறைக்கும்.

எந்த விமான நிலையம்

கூகுள் ஃப்ளைட்ஸில் நாளைத் தேர்ந்தெடுத்து, விலை குறைந்தால் அறிவிக்கும்படி வைத்துவிடுங்கள். தினமும் தேட வேண்டாம், மின்னஞ்சல் வரும். விலையைப் பார்த்த பின் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் ஒப்பிடுங்கள். இடைத்தரகர் தளத்தில் 300 ரூபாய் குறைவாகத் தெரிந்தாலும், கடைசிப் பக்கத்தில் வசதிக் கட்டணம் சேர்ந்துவிடும். நேரம் மாறினாலோ ரத்தானாலோ இரண்டு பேருக்கும் நடுவே நாம் அலைய வேண்டியிருக்கும்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மார்த்தாண்டத்திலிருந்து இன்னும் பக்கம். கொச்சியில் டிக்கெட் 2,000 ரூபாய் குறைவு என்று சிலர் ஓடுகிறார்கள். அழைத்துவர நான்கு பேர் காரில் நெடும்பாசேரிக்குப் போய்த் திரும்பினால் அந்த 2,000 போய்விடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சென்னைக்கு மட்டும் போகிறவர்கள் தூத்துக்குடி வாகைக்குளத்தையும் சேர்த்து ஒப்பிடலாம்.

பகல் விமானமாக இருந்தால் டாக்சி கட்டாயமில்லை. ரயிலில் திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே தம்பானூர் பஸ் நிலையம். டிக்கெட்டில் எந்த முனையம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்: சங்குமுகம் பக்கம் ஒன்று, சாக்கை பக்கம் ஒன்று, இரண்டும் ஓடுபாதையின் எதிரெதிர்ப் பக்கங்கள். இன்னொன்று: பத்மநாப சுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் அந்த ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும். பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களில், ஆண்டுக்கு இரண்டு முறை, அன்று மாலை சில மணி நேரம் விமானங்கள் இறங்கா, ஏறா. நேரம் மாற்றியதாகச் செய்தி வந்தால் பதற வேண்டாம்.

மூட்டை எடையையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். கைப்பை மட்டும் அனுமதிக்கும் டிக்கெட் மலிவாகத் தெரியும். நேந்திரங்காய் சிப்ஸும் மட்டிப்பழமும் தேங்காய் எண்ணெயும் கருவாடும் கட்டாமல் நம் வீட்டில் யாரும் திரும்பிப் போனதுண்டா? எடையை முன்கூட்டித் தளத்தில் வாங்குவது கவுண்டரில் கட்டுவதைவிட மலிவு. பெட்டி கட்டி முடித்ததும் வீட்டுத் தராசில் ஒரு முறை நிறுத்துவிடுங்கள்.

ரயிலும் பஸ்ஸும்

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. டிசம்பர் 24 பயணத்துக்கு அக்டோபர் 25 காலை 8 மணிக்குத் திறக்கும். அந்த ஒரு நாளை நாள்காட்டியில் குறித்து வைப்பதே தட்கலுக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்தும். ஐஆர்சிடிசியில் யுபிஐயில் கட்டினால் சேவைக் கட்டணம் ஏசிக்கு 20 ரூபாய், மற்றதற்கு 10. வேறு வழியில் கட்டினால் 30, 15. அரசு விரைவுப் பஸ்ஸில் போகவர இரண்டையும் சேர்த்து ஆன்லைனில் முன்பதிவு செய்தால் திரும்பும் கட்டணத்தில் 10 சதவீதம் குறைவு. பண்டிகை நாட்களுக்கு அது பொருந்தாது.

எந்தக் கார்டையும்விடப் பெரிய சலுகை ஒன்று நம் மாவட்டத்தில் பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு இங்கிருந்து எத்தனையோ பேர் மாதாமாதம் போகிறார்கள். சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிகளுக்கு ரயில்வே இரண்டாம் வகுப்பில் 75 சதவீதமும், ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் முழுக் கட்டணமும் விட்டுக்கொடுக்கிறது. துணைக்குப் போகும் ஒருவருக்கும் சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்கான சான்றிதழை வாங்கி, ரயில் நிலையக் கவுண்டரில் கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் வீட்டில் யாருக்காவது தேவையென்றால் இன்றே சொல்லுங்கள்.

பாயின்ட்டைத் திருடுகிறவர்கள்

"உங்கள் ரிவார்டு பாயின்ட் 9,850 ரூபாய் இன்று நள்ளிரவில் காலாவதியாகிறது" என்ற வகைக் குறுஞ்செய்திகள் வரும். வங்கியின் பெயரும் சின்னமும்கூட இருக்கும். அதிலுள்ள இணைப்பைத் தொட்டால் ஒரு செயலியை இறக்கச் சொல்லும், அல்லது கார்டு எண்ணையும் ஓடிபியையும் கேட்கும். எந்த வங்கியும் பாயின்ட்டை மாற்ற வாட்ஸ்அப்பில் செயலி அனுப்புவதில்லை. பாயின்ட்டைப் பார்க்க வேண்டுமென்றால் வங்கியின் சொந்தச் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வழி இருக்கிறது. வயதானவர்களின் செல்போனை வாரத்துக்கு ஒரு முறை வாங்கிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் அவர்கள் கணக்கில்தான் இருக்கிறது.

நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆளுக்கொரு பக்கம் வைத்திருக்கிறேன். திட்டத்தின் பெயர், உறுப்பினர் எண், டிக்கெட்டில் வரும் பெயர் எழுத்துக்கு எழுத்து, இருக்கும் பாயின்ட், காலாவதி மாதம். பாஸ்வேர்டு எழுதுவதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, கோயில் முடிந்து வந்ததும் பத்து நிமிடம் அதைப் புரட்டுவேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வரும் டிக்கெட், அவர் மைலும் அம்மாவின் மைலும் சேர்ந்த கணக்கில் எடுத்தது. வரிக்கும் விமான நிலையக் கட்டணத்துக்கும்தான் பணம் கட்டினோம்.